எண்பத்தொன்று புள்ளி நான்கு

அத்தியாயம் பதினொன்று

எடை இயந்திரத்தின் மேல் ஏறி நின்ற அக்கா, கீழே பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கணவரைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெம்பில்ல."

வாயில் பிரஷ்ஷோடு வந்தவர் குனிந்தார். கண்ணாடி போடாததால் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"எம்பத்தி ஒண்ணு புள்ளி நாலு."

"நேத்து?"

"எம்பத்தி ஒண்ணு புள்ளி நாலு."

"அஞ்சு மாசத்துக்கு முன்னாடி?"

அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கவில்லை. பதில் சொல்லாமல் தப்பிக்க அதைவிட நல்ல சாக்கு வேறு இல்லை.

முதல் வாரத்திலிருந்து கூடவே வருகிறவர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். இன்றுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். நாற்பத்தெட்டு வயது. இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்ட ஒரே தம்பி அவளுக்கு. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ், மிச்ச நாட்களில் பேக்கரி வேலை என்று ஒன்றரை வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறான். அக்காவின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தும் என்று பரிசோதனையில் தெரிந்த அன்று வீட்டில் கொண்டாட்டம். மறுநாளே டாக்டரம்மா அவளைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "ரத்த அழுத்தம் கூட இருக்கு, சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. எட்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டார்.

அன்று தொடங்கியது. விடிந்ததும் ஒரு மணி நேரம் நடை. மதிய இடைவேளையில் பயிற்சிப் பள்ளியின் மூன்று மாடிப் படிகளைப் பத்து முறை ஏறி இறங்குவது. மாலையில் தண்ணீர் நிரப்பிய இரண்டு கேன்களை கைக்கொன்றாகப் பிடித்துத் தூக்கி இறக்குவது. மழை பெய்த நாட்களில் குடையோடு நடந்தாள். காய்ச்சல் வந்த ஒரு நாள் மட்டும் வெளியே போகவில்லை, கட்டிலைச் சுற்றி நடந்தாள்.

இன்று பதினொரு மணிக்கு டாக்டரம்மாவை மறுபடி பார்க்க வேண்டும்.

"மெஷின்தாங்க கெட்டுப் போச்சு" என்றாள் அக்கா.

"மெஷின் மேல பழி போடாத."

"நீங்க என்ன அதுக்கு வக்கீலா?"

கிட்டத்தட்ட அப்படித்தான். அவர் எடையளவுத் துறையில் ஆய்வாளர். ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் சோதித்து முத்திரை வைப்பது அவர் வேலை. அலுவலகத்தில் எல்லோரும் கூப்பிடுவதே 'முத்திரை சார்' என்றுதான். நாமும் அப்படியே கூப்பிடலாம்.

"ஆபீஸ்ல இருக்கிற எடைக்கல்லைக் கொண்டாந்து ஒரே ஒரு தடவை இதுமேல வெச்சுப் பாருங்களேன்."

"ஆபீஸ் கல்லு வீட்டுக்கு வராதும்மா."

"அப்ப வீடு ஆபீசுக்கு வரும்" என்று சொல்லிவிட்டு, அக்கா இயந்திரத்தைத் தூக்கித் துணிப்பைக்குள் போட்டாள்.

*

ஒன்பதரை மணிக்கு எடையளவு அலுவலகத்தில் நான்கு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். முதலில் வெங்காய வியாபாரி. அடுத்து பழைய பேப்பர் கடைக்காரர். மூன்றாவதாக மீன் விற்கிற அம்மா. நான்காவதாக, குளியலறை இயந்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆய்வாளரின் மனைவி.

மீன்காரம்மா அந்த இயந்திரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல என்னம்மா நிறுப்ப?"

"என்னையத்தான்."

"அதுக்கெல்லாமா முத்திரை வெக்கறாங்க?"

"எங்க வீட்டுக்காரர் வெக்க மாட்டேன்னுதான் சொல்றாரு. நான் விட்டாத்தானே!"

முத்திரை சார் மேசையிலிருந்து தலையைத் தூக்கி, மனைவியைப் பார்த்து, ஊர் பேர் தெரியாதவளிடம் பேசுகிற குரலில், "அடுத்து" என்றார். மூன்று பேர் முடிந்து அவள் முறை வரும்வரை அந்தக் குரல் மாறவில்லை. ஆனால் அவள் முறை வந்ததும் எழுந்து வந்து, இயந்திரத்தைத் தானே வாங்கி, தரையின் மட்டம் பார்த்து வைத்தார்.

இரும்பு எடைக்கற்கள் ஒவ்வொன்றும் இருபது கிலோ. முதல் கல். இருபது. இரண்டாவது கல். நாற்பது. மூன்றாவது. அறுபது. நான்காவது கல்லை அவர் தூக்கப் போகும்போது அக்கா குறுக்கே வந்தாள்.

"நான் வெக்கறேன். எனக்கு இது ஒண்ணுமில்ல."

ஒரே மூச்சில் தூக்கி, சத்தமே இல்லாமல் வைத்தாள். பேப்பர் கடைக்காரர் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்.

எண்பது. புள்ளி பூஜ்யம்.

"ஒரு குறையும் இல்ல" என்றார் முத்திரை சார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்து, "இருந்திருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

அக்கா கற்களை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. அதைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

"பத்தரை வரைக்கும் அனுமதி போட்டிருக்கேன். ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்" என்றார் அவர்.

"பத்தரை வரைக்கும் வந்து என்ன பண்ணுவீங்க? டாக்டர் பதினொண்ணுக்குத்தானே பாப்பாங்க?"

அவர் அனுமதிச் சீட்டை வாங்கி, பத்தரையை அடித்துவிட்டு 'முழு நாள்' என்று எழுதினார். இருபத்திரண்டு வருட வேலையில் அவர் அடித்துத் திருத்திய முதல் காகிதம் அதுதான்.

*

ஆஸ்பத்திரியில் லிப்ட் வாசலில் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரிக் கூட்டம். டாக்டரம்மா அறை நான்காவது மாடியில். அக்கா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். முத்திரை சாரும் வீராப்பாகக் கூடவே ஏறினார். இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நீ போ... நான் பின்னாலயே... வந்துட்டே இருக்கேன்."

"பையையும் குடுங்க" என்று வாங்கிக்கொண்டு அவள் ஏறிப் போனாள்.

நர்ஸ் தராசில் நிற்கச் சொன்னாள். எண்பத்தொன்று புள்ளி ஆறு. அந்த இருநூறு கிராம் கையில் கிடக்கும் வளையலாக இருக்கும் என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். நர்ஸ் அதையும் சேர்த்துத்தான் எழுதினாள். பிறகு இடுப்பைச் சுற்றி நாடா பிடித்தாள். கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். நேற்று முன்தினம் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் சேர்த்துக் குத்தி உள்ளே அனுப்பினாள்.

டாக்டரம்மா முதல் தாளைப் பார்த்தார். அக்கா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

"ஒரு நாள் கூட விடல டாக்டர்" என்று முந்திக்கொண்டாள். "வேணும்னா எங்க தெருவுல யாரையாவது கேட்டுப் பாருங்க. நடக்கறேன், ஏறறேன், தூக்கறேன். ஆனா அது மட்டும் இறங்கவே மாட்டேங்குது. என் உடம்பே எனக்கு எதிரியா இருக்கு."

"கொஞ்சம் இருங்க."

இரண்டாவது தாள். மூன்றாவது தாள். டாக்டரம்மா பழைய கோப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பிறகு தானே எழுந்து வந்து ரத்த அழுத்தத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"எப்படி வந்தீங்க மேல?"

"படியிலதான்."

"நாலு மாடியும்?"

"லிப்டுல கூட்டம்."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அம்மா, நான் எட்டு கிலோ கேட்டேன். அது வரல. ஆனா எதுக்காகக் கேட்டேனோ அதெல்லாம் வந்திருக்கு. போன தடவை நூத்தி நாப்பத்தாறு இருந்த ரத்த அழுத்தம் இப்ப நூத்தி இருபத்திரண்டு. வெறும் வயித்துல நூத்திப் பன்னெண்டு இருந்த சர்க்கரை இப்ப தொண்ணூத்தொண்ணு. இடுப்பு நாலு அங்குலம் குறைஞ்சிருக்கு. கொழுப்பு போன இடத்துல சதை ஏறியிருக்கு. அதுக்கும் எடை உண்டு இல்லையா?"

"அப்ப... நான் குடுக்கலாமா?"

"அவசரப்படாதீங்க. நான் ஒருத்தி மட்டும் முடிவு பண்ற விஷயம் இல்ல இது. மத்ததெல்லாம் சரியா இருந்தா, இந்த எடையிலயும் சிறுநீரகம் எடுத்திருக்கோம். இன்னும் ரெண்டு மூணு சோதனை பாக்கி இருக்கு. மாற்று ஆபரேஷனை முடிவு பண்ற டாக்டர்கள் குழு முன்னாடி உங்க பேரை வெக்கறேன். இன்னிக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவ்வளவே அக்காவுக்குப் போதும். கார் கற்றுக்கொள்ள வருகிறவர்களை அதட்டி அதட்டியே பழகியவள், டாக்டரம்மாவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அப்போதுதான் முத்திரை சார் கதவைத் திறந்துகொண்டு, மூச்சு வாங்க, உள்ளே வந்து விழாத குறையாக உட்கார்ந்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றார் டாக்டரம்மா. "சதை ஏறினது சரி. ஆனாலும் இவ்வளவு செய்யறவங்களுக்கு மூணு நாலு கிலோவாவது இறங்கியிருக்கணும். என்ன சாப்பிடறீங்க? ஒளிக்காமச் சொல்லுங்க."

"ஒளிக்க என்ன டாக்டர் இருக்கு? காலைல ரெண்டு முட்டை. மதியம் காய்கறி, ஒரு கைப்பிடி சோறு. ராத்திரி பழம். அப்புறம், தம்பி குடுக்கிற டயட் பிஸ்கட்."

"டயட் பிஸ்கட்டா?"

"பேக்கரியில எனக்குன்னே தனியாப் போடறான். வெறும் தவிடும் ஓட்ஸும்தான். 'நடந்துட்டு வந்ததும் நாலு, படி ஏறி முடிச்சதும் நாலு, விட்டுடாதக்கா, தெம்பு வேணும்'னு தினம் டப்பால போட்டு அனுப்பறான். பாசக்காரப் பய."

பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒன்றை நீட்டினாள். டாக்டரம்மா அதைப் பரிசோதனைத் தாளின் மேல் வைத்துவிட்டு, கோப்பில் எதையோ எழுதினார். எழுதி முடித்து பிஸ்கட்டை எடுத்தால், தாளில் வட்டமாக எண்ணெய் ஊறி, அடியில் இருந்த பக்கத்தின் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

மூன்று பேரும் அந்த வட்டத்தைப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா ஒரு கடி கடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு கடி கடித்தார்.

"தவிடு இருக்கு" என்றார். "வெண்ணெய்க்கு நடுவுல எங்கயோ இருக்கு. அரைச்ச கடலையும் இருக்கு. ஆனா இனிப்பே இல்லையே, எப்படி இவ்வளவு ருசியா இருக்கு?"

முத்திரை சார் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார். "ஒண்ணு நாப்பது கிராம் வரும்" என்றார். அது அவருக்குத் தன்னிச்சையாக வந்துவிட்டது.

"எட்டு பிஸ்கட்னா அது இன்னொரு முழுச் சாப்பாடும்மா. நீங்க தினமும் எரிச்சதை உங்க தம்பி தினமும் திருப்பிக் குடுத்திருக்கார்" என்றார் டாக்டரம்மா. சிரித்தபடி சொன்னவர், சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார். "அவர் பேக்கரிக்காரர். இதுல என்ன இருக்குன்னு தெரியாமலா போடுவார்?"

அக்கா டப்பாவை மூடினாள்.

"வர்ற வியாழக்கிழமை குழு கூடுது. குடுக்கறவங்களையும் வாங்கறவங்களையும் தனித்தனியாக் கூப்பிட்டுக் கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் முழுச் சம்மதம் வேணும். உங்க தம்பி வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னார்னா, அதோட இந்தப் பேச்சு முடிஞ்சது. அதுக்கு மேல நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

*

பேக்கரியின் பின்கட்டில் சூடு முகத்தில் அடித்தது. தம்பி உயரமான முக்காலியில் உட்கார்ந்து வலது கையால் மட்டும் மாவை அழுத்திக்கொண்டிருந்தான். டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற இடது கையை மடியில் பத்திரமாக வைத்திருந்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாக்கா! டாக்டர் என்ன சொன்னாங்க?"

அக்கா டப்பாவைப் பலகையின் மேல் வைத்தாள்.

"இதுல என்னடா இருக்கு?"

"தவிடு, ஓட்..."

"இன்னொரு தடவை சொல்லு பாப்போம்."

தம்பி மாவை அழுத்துவதை நிறுத்தினான். அக்காவுக்குப் பின்னால் நின்ற முத்திரை சாரைப் பார்த்தான். "மாமா" என்றான், காப்பாற்றச் சொல்லி. அவர் கூரையைப் பார்த்தார்.

"வெண்ணெய்" என்றான் கடைசியில். "கடலை. கொஞ்சம் பாதாம். சத்தியமா சக்கரை ஒரு சிட்டிகை கூடப் போடலக்கா. உனக்கு சக்கரை ஏறிடக் கூடாதுன்னு பாத்துப் பாத்துத்தான் போட்டேன்."

"அடப்பாவி! கொழுப்பு ஏறலாம், சக்கரை ஏறக் கூடாதா?"

"உடம்பு கெடக் கூடாது. எடை மட்டும் குறையக் கூடாது. அந்தப் பக்குவம் வர்றதுக்கு எனக்கு மூணு வாரம் ஆச்சு."

முத்திரை சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அது இருமலாக மாறியது.

"அஞ்சு மாசம்டா! கால் கொப்புளிச்சு நடந்தேன். காலைல அதுமேல ஏறி நிக்கறப்பல்லாம் நான்தான் என்னமோ தப்பு பண்றேன்னு நெனச்சேன். என் தம்பிக்கு ஒண்ணு செய்யத் துப்பில்லாத உடம்புன்னு தினம் என்னையே திட்டிக்கிட்டேன். நீ இங்க உக்காந்து வெண்ணெய் ஊத்திக்கிட்டு இருந்திருக்க!"

அவன் சிரிப்பு போய்விட்டது. கையில் ஒட்டிய மாவைச் சுரண்டினான்.

"நான் வேணாம்னா நீ கேப்பியா? முதல் நாளே சொன்னேன். 'வாயை மூடுறா'ன்ன. அப்புறம் அந்த டாக்டர் எட்டு கிலோன்னாங்க. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. நீ குறைக்க மாட்ட, அவங்களே வேணாம்னு சொல்லிடுவாங்க, நானும் கெட்டவனாக வேண்டியதில்லன்னு இருந்தேன். நீ என்னடான்னா மழையில குடை பிடிச்சுக்கிட்டு நடக்கற."

"பயமா இருக்காடா உனக்கு?"

"எனக்கு ஆபரேஷன் பயம் இல்லக்கா." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "உன்னைப் பாத்தாத்தான் பயமா இருக்கு. இந்த அஞ்சு மாசத்துல நீ எப்படி ஆயிட்ட தெரியுமா? முன்னெல்லாம் இந்தக் கடை வாசல் படி மூணையும் ஏறிட்டு, 'ஒரு ஸ்டூல் போடுறா'ம்ப. இப்ப மூணையும் ஒரே தாவா வர்ற. உன்னை இப்படி நான் பாத்ததே இல்ல. இப்பத்தான் நல்லாயிருக்கிற உடம்பை அறுத்து எனக்குக் குடுன்னு எந்த வாயால கேக்கச் சொல்ற?"

அடுப்பின் மணி அடித்தது. யாரும் நகரவில்லை. முத்திரை சார்தான் கையுறை மாட்டிக்கொண்டு ரொட்டித் தட்டை வெளியே இழுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இங்க பாரு" என்றாள் அக்கா. குரல் தணிந்திருந்தது. "இது உனக்காக ஆரம்பிச்சதுதான். ஆனா இப்ப நீ வேணாம்னாலும் நாளைக்குக் காலைல நான் நடக்கத்தான் போறேன். அது இனிமே என் விஷயம். எந்தத் தகுதியும் இல்லாம அழுதுகிட்டே குடுக்க வரல நான். டாக்டரே தாளைப் பாத்து ஒத்துக்கற மாதிரி உடம்போட வர்றேன். நல்லாயிருக்கறதாலதான்டா குடுக்க முடியும்."

"எம்பத்தொண்ணு அப்படியேதானே இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

தம்பிக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. "ஒத்துக்கிட்டாங்களா?" என்றான். குரலில் சந்தோஷமா திகிலா என்று அவனுக்கே தெரியவில்லை.

"வியாழக்கிழமை குழு முன்னாடி வெப்பாங்க. ரெண்டு பேரையும் தனித்தனியாக் கேப்பாங்க. நீ என்ன வேணா சொல்லு. ஆனா வாயைத் திறந்து சொல்லு. பிஸ்கட்ல ஒளிச்சு வெச்சுச் சொல்லாத."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வலிக்குமாக்கா?" என்றான். "எனக்கு இல்ல. உனக்கு."

"வலிக்கும். கொஞ்ச நாள் இருமக்கூட முடியாதாம்."

"இதைச் சொல்லாம மறைச்சிருக்கலாம்ல நீ?"

"உன்னை மாதிரியா?"

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். முத்திரை சார், "இந்தத் தட்டை எங்கயாவது வெக்கலாமா? கை வேகுது" என்றார். தம்பி பாய்ந்து போய்ப் பலகையில் இடம் ஒதுக்கினான்.

அப்போது அக்காவின் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். அக்கா கேட்டாள், "ம்" என்றாள், இன்னொரு "ம்" என்றாள். வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள்.

"குழுவில ஒரு டாக்டர் வியாழக்கிழமை ஊர்ல இருக்க மாட்டாராம். நாளைக்கே வரச் சொல்றாங்க. காலைல ஒன்பது மணி. உன்னைத்தான் முதல்ல கூப்பிடுவாங்களாம்."

வியாழன்வரை நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தவனுக்கு ஒரே ஒரு ராத்திரிதான் மிச்சம்.

தம்பி குழாயடிக்குப் போனான். கைகளைக் கழுவினான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முன்கட்டில் இருந்த முதலாளியை எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, நாளைக்கு எனக்கு லீவு வேணும்."

"நாளைக்கா? எதுக்குடா?"

அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒரு பதில் சொல்லணும்ண்ணே. என்ன பதில்னுதான் இன்னும் தெரியல."